தடுமாறும் கால்பந்து அணி, புதிய பயிற்சியாளர், ஃபிட்னஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடர்ந்து தோற்கும் அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தால், முதல் வாரமே ஒரு பேச்சு கிளம்பும்: "வீரர்களுக்கு ஃபிட்னஸ் போதவில்லை." சில நேரம் அது உண்மை. பல நேரம் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பி வீரர்களை ஓடவிட்டு, இருக்கும் நல்ல வீரர்களையும் காயத்தில் இழந்த அணிகள் ஏராளம். ரசிகர்களும், சிறிய அணிகளை நடத்துபவர்களும், பயிற்சியில் புதிதாக இறங்கியவர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு ஆட்டத்தில் வீரர் உண்மையில் எவ்வளவு ஓடுகிறார்?

உயர்நிலை ஆட்டத்தில் கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார்கள். நடுக்கள வீரர்கள் சிலர் 13-ஐயும் தொடுவார்கள். இதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். ஆட்டத்தைத் தீர்மானிப்பது மிச்சமிருக்கும் சிறு பகுதி: திடீர் பாய்ச்சல், சட்டென்று நின்று திரும்புதல், எகிறிக் குதித்தல், உடலோடு உடல் மோதல், அதன் பிறகு மூச்சு வாங்கி மீண்டும் அதையே செய்தல். ஆகவே கால்பந்து ஃபிட்னஸ் என்பது நீண்ட தூரம் ஓடும் திறன் மட்டுமில்லை. ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் அடுத்த பாய்ச்சலுக்கு உடல் தயாராகிறது என்பதே அதன் மையம். 80-வது நிமிடத்திலும் அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோற்கும் அணி கடைசி அரைமணி நேரத்தில் நின்றுவிடுகிறதே, அது ஃபிட்னஸ் குறைபாடுதானே?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை இல்லை.

வரிசைகளுக்கு இடையே இடைவெளி விட்டு ஆடும் அணியைக் கவனித்துப் பாருங்கள். முன்வரிசை எதிரணியை நெருக்கப் போகிறது, நடுக்களம் பின்னால் தங்கிவிடுகிறது, தற்காப்பு வரிசை இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. எதிரணி ஒரே பாஸில் அந்த இடைவெளிக்குள் புகுந்துவிடும். உடனே ஐந்தாறு பேர் தங்கள் கோலை நோக்கி முழு வேகத்தில் திரும்பி ஓட வேண்டும். இது ஒரு பாதியில் இருபது முறை நடந்தால் எப்படிப்பட்ட வீரரும் களைத்துப்போவார். ஒழுங்காக நிற்கும் அணியில் அதே வீரர் பத்தடி நகர்ந்தாலே அந்தப் பாஸ் அடைபட்டுவிடும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. இத்தாலிய முதல்நிலை லீக்கில் நடந்த ஒரு ஆய்வில், அட்டவணையின் கீழ்ப்பகுதி அணிகளின் வீரர்கள் மேல்பகுதி அணிகளின் வீரர்களைவிட மொத்தத்தில் அதிகத் தூரம் ஓடியிருந்தார்கள். மேல்பகுதி அணிகள் முன்னிலை பெற்றது பந்தை வைத்துக்கொண்டு ஓடிய தூரத்தில். இங்கிலாந்திலும் பிரீமியர் லீக் வீரர்களைவிட இரண்டாம், மூன்றாம் நிலை லீக் வீரர்கள் அதிவேக ஓட்டம் அதிகமாக ஓடுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். "தோற்றவர்கள் ஓடவில்லை" என்ற கோபம் புரிகிறது. ஆனால் தவறான இடத்தில் நின்றுகொண்டு அளவுக்கு மீறி ஓடியவர்கள் அவர்களாகவே இருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. மனச்சோர்வு கால்களையும் பிடிக்கும். மனம் களைத்த நிலையில் ஓட்டச் சோதனை செய்தால் வீரர்கள் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள், பாஸ்களின் துல்லியமும் குறைகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற அணியின் ஓய்வறையில் அந்தச் சோர்வு இல்லாமலா இருக்கும்?

அதனால் புதுப் பயிற்சியாளர் முதலில் செய்ய வேண்டியது சோதனை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வடிவமைத்த யோ-யோ சோதனை இதற்குப் போதும். 20 மீட்டர் போய்வர வேண்டும், 10 விநாடி இடைவேளை, வேகம் படிப்படியாகக் கூடும். இதில் வீரர்கள் நல்ல அளவு எட்டியும் ஆட்டத்தில் மட்டும் தளர்கிறார்கள் என்றால், கோளாறு நுரையீரலில் இல்லை, ஆடும் முறையில்.

புதுப் பயிற்சியாளர் வந்தவுடன் அணி ஜெயிக்கத் தொடங்குகிறதே, அது பயிற்சியின் பலனா?

பத்து நாளில் வரும் வெற்றிக்கு உடற்பயிற்சி காரணமாக இருக்க முடியாது. உடல் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. இடம் பறிபோகுமோ என்ற பயம், புதியவர் கண்ணில் படவேண்டும் என்ற துடிப்பு, ஓரங்கட்டப்பட்ட வீரருக்குக் கிடைத்த வாய்ப்பு, இவையெல்லாம் சேர்ந்து ஓட வைக்கின்றன. அதற்கும் மேல் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர்கள் நீக்கப்படுவது அணி அதன் இயல்பான தரத்தைவிடக் கீழே விழுந்த நேரத்தில். அங்கிருந்து கொஞ்சம் மேலே வருவது எப்படியும் நடக்கும். நெதர்லாந்து லீக்கில் பல ஆண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டிருந்தன.

இதைச் சொல்வது புதியவரின் உழைப்பைக் குறைத்துப் பேச இல்லை. முதல் மூன்று வெற்றிகளைப் பார்த்து "நம் பயிற்சி வேலை செய்கிறது, இன்னும் கூட்டுவோம்" என்று முடிவெடுப்பதில் உள்ள ஆபத்தைச் சொல்லத்தான்.

அப்படியானால் உண்மையான பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு கணக்கு. இரத்தத்தின் நீர்ம அளவு ஓரிரு வாரங்களிலேயே கூடும், அதனால் மூச்சு கொஞ்சம் இலகுவாகும். தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் தெளிவாக உயர ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். தசை வலிமையில் ஆரம்ப முன்னேற்றம் நரம்புகள் பழகுவதால் சில வாரங்களில் தெரியும். தசை உண்மையில் பருமனாவது அதற்குப் பிறகு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் எல்லாவற்றிலும் மெதுவானவை. அவை பளுவைத் தாங்கப் பழகப் பல மாதங்கள் ஆகும்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் வீரருக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று தோன்றும். மூச்சு வாங்குவதில்லை. ஆனால் தொடையின் பின்தசையும் குதிகால் தசைநாணும் இன்னும் பழைய நிலையிலேயே இருக்கும். என்ஜின் தயார், சக்கரம் தயாரில்லை என்பது போன்ற நிலை. காயங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் விழுகின்றன.

முதல் வாரத்திலேயே கடுமையாக ஓடவிட்டு ஒழுங்கைக் கொண்டுவருவது சரியா?

சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஃபெலிக்ஸ் மகாத் ஜெர்மனியில் கடும் உடற்பயிற்சிக்குப் பேர்போனவர். உடற்பயிற்சிக்கான கனமான பந்துகளை (மெடிசின் பால்) தூக்கவிடுவார், மலையேறி ஓடவிடுவார். அவர் 2008-09-இல் வோல்ஃப்ஸ்புர்க் அணிக்கு லீக் பட்டமே வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே அவருக்கு முழு ப்ரீ-சீசனும் (சீசனுக்கு முந்தைய தயாரிப்புக் காலம்), தனக்கேற்ற வீரர்களைச் சேர்க்கும் அதிகாரமும் இருந்தன. 2014 பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணிக்கு வந்தபோது அந்த சீசனில் அணிக்கு அவர் மூன்றாவது பயிற்சியாளர். அணி கடைசி இடத்தில் தத்தளித்தது. அது 19-வது இடத்தில் முடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. அடுத்த சீசனின் முதல் ஏழு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார்.

பாவ்லோ டி கானியோ 2013 மார்ச் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணிக்கு வந்தார். வீரர்களுக்கு ஃபிட்னஸ் இல்லை என்று வெளிப்படையாகவே பேசினார். நியூகாசிலை 3-0 என்று அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்து, லீக்கில் தப்பவும் செய்தார்கள். ஆனால் கண்டிப்பும் பொதுவெளியில் குற்றம் சாட்டுவதும் தொடர்ந்தபோது ஓய்வறை அவரை விட்டு விலகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய சீசனில் ஐந்தே லீக் ஆட்டங்கள் முடிந்த நிலையில், பதவி போனது.

தண்டனையாகக் கொடுக்கப்படும் ஓட்டம் உடலுக்கும் உதவாது, உறவுக்கும் உதவாது. வீரர் மனதில் ஓட்டமே தண்டனை என்று பதிந்துவிட்டால், ஆட்டத்தில் எழுபதாவது நிமிடம் அவரை ஓடச் சொல்வது எப்படி?

புதுப் பயிற்சியாளர் வந்தபின் ஏன் தொடைப் பின்தசைக் காயங்கள் கூடுகின்றன?

யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார். அணி அப்போது பத்தாவது இடம். முதல் ஆட்டம் டாட்டன்ஹாமுடன், 0-0. அதில் லிவர்பூல் வீரர்கள் சேர்ந்து சுமார் 116 கிலோமீட்டர் ஓடினார்கள், எதிரணியைவிட அதிகம். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் டிசம்பர், ஜனவரியில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஜனவரியில் எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு இளம் வீரர்களைத் திரட்டி அனுப்பும் நிலை வந்தது.

அவர் திறமையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. காரணம் வேறு. வேறொரு முறைக்குப் பழகிய உடல்கள் சீசன் நடுவில், ப்ரீ-சீசன் இல்லாமல், அதிவேகப் பிரஸ்ஸிங்குக்கு (பந்து வைத்திருக்கும் எதிரணியை விரட்டி நெருக்கும் ஆட்டம்) மாறின. குளிர்காலத்தில் இங்கிலாந்து அட்டவணை மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று நெருக்கியது. வேகமாக ஓடும்போது கால் முன்னே நீண்டு தரையைத் தொடுவதற்குச் சற்று முன் தொடைப் பின்தசை நீண்ட நிலையில் பெரும் விசையைத் தாங்கும். பழக்கமில்லாத அளவுக்கு அது திரும்பத் திரும்ப நடந்தால் கிழியும்.

க்ளாப் அதன் பிறகு செய்ததும் கவனிக்கத்தக்கது. 2016-இல் பயர்ன் மியூனிக்கிலிருந்து ஃபிட்னஸ் நிபுணர் ஆண்ட்ரியாஸ் கோர்ன்மாயரையும் உணவு நிபுணர் மோனா நெம்மரையும் கொண்டுவந்தார். முழு ப்ரீ-சீசன் கிடைத்தது. எந்த ஆட்ட முறை முதல் குளிர்காலத்தில் வீரர்களை முறித்ததோ, அதே முறையில் 2019-இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. இடையில் மாறியது உடல்களைத் தயார்செய்த விதம்.

இந்தக் காயம் பொதுவாகவே கூடிவருகிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2001 முதல் பெரிய கிளப்களில் நடத்தும் ஆய்வின்படி, மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசையின் பங்கு தொடக்கத்தில் 12 சதவீதமாக இருந்து 2021-22-இல் 24 சதவீதத்தை எட்டியது. தடுக்க வழி இருக்கிறது. முழங்காலிட்டு, இன்னொருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னே சாய்த்து இறக்கும் நார்டிக் பயிற்சி இந்தக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. கருவி எதுவும் தேவையில்லை. இவ்வளவு எளிய ஒன்றைப் பல அணிகள் இன்னும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒன்று மட்டும் கவனம்: முதல் முறை செய்தால் இரண்டு நாள் தசை வலிக்கும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாள் அறிமுகப்படுத்தக் கூடாது.

பந்தோடு செய்யும் பயிற்சியிலேயே ஃபிட்னஸ் வந்துவிடுமா? தனி ஓட்டம் தேவையா?

பெரும்பகுதி வந்துவிடும். நாலுக்கு நாலு பேர் சிறிய இடத்தில், நாலு நிமிடம் ஆட்டம், சில நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்தால் இதயத் துடிப்பு உச்ச அளவின் 90 சதவீதத்தை நெருங்கும். அதே நேரத்தில் பாஸ், பிரஸ்ஸிங், முடிவெடுத்தல் எல்லாம் பழகும். தோற்கும் அணிக்குக் கையில் இருக்கும் நேரம் குறைவு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் பயிற்சிதான் அதற்கு வேண்டும்.

தனி ஓட்டத்துக்கும் நல்ல சான்று உண்டு. நார்வேயில் இளையோர் வீரர்களை வாரம் இருமுறை, நாலு நிமிடம் நாலு முறை, உச்சத் துடிப்பில் 90-95 சதவீதத்தில் எட்டு வாரம் ஓடவைத்தார்கள். ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது, பாய்ச்சல்கள் இரட்டிப்பாயின, பந்தோடு ஈடுபட்ட தருணங்களும் கூடின. 2001-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் எட்டு வாரம், இளையோர் என்ற இரண்டையும் மறந்துவிடக் கூடாது.

சிறிய ஆட்டங்களில் ஒரு குறை உண்டு. இடம் சிறியது என்பதால் யாரும் முழு வேகத்தை எட்டமாட்டார்கள். ஆகவே வாரத்தில் ஒருமுறையாவது 30-40 மீட்டர் நீளத்துக்கு, உச்ச வேகத்துக்கு அருகில் சில ஓட்டங்கள் தேவை. அதிகம் வேண்டாம். வேகமாக ஓடப் பழகாத தசைதான் ஆட்டத்தில் வேகமாக ஓடும்போது கிழிகிறது.

ஃபிட்னஸை மையமாக வைத்து ஒரு அணி உண்மையில் மாறிய கதை உண்டா?

எனக்கு மிகவும் பிடித்தது 2002 உலகக் கோப்பையில் ஆடிய தென் கொரியா. நெதர்லாந்துப் பயிற்சியாளர் குஸ் ஹிடிங்க் பொறுப்பேற்றபோது அங்கே எல்லோரும் நம்பியது, "நம் வீரர்களுக்கு உடல்வலு இருக்கிறது, நுட்பம்தான் போதாது" என்று. ஹிடிங்க் நேர்மாறாகச் சொன்னார்: நுட்பம் பரவாயில்லை, உலகத் தரத்தில் 90 நிமிடம் தாங்கும் உடல்தான் இல்லை. 2001-இல் பிரான்சிடம் 0-5, செக் குடியரசிடம் 0-5. பத்திரிகைகள் அந்த ஸ்கோரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துக் கிழித்தன. அவர் திட்டத்தை மாற்றவில்லை. ஃபிட்னஸ் பொறுப்புக்கு நெதர்லாந்தின் ரேமண்ட் வெர்ஹைஜென் வந்தார். உள்நாட்டு லீக் ஒத்துழைத்ததால் நீண்ட முகாம் கிடைத்தது. உலகக் கோப்பை நெருங்கும் நேரத்தில் உச்ச நிலைக்கு வரும்படி படிப்படியாக ஏற்றினார்கள்.

பலன் இத்தாலியோடு நடந்த ஆட்டத்தில் தெரிந்தது. 88-வது நிமிடத்தில் சமன், கூடுதல் நேரத்தில் 117-வது நிமிடத்தில் ஆன் ஜுங்-ஹ்வான் அடித்த தங்க கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்தவுடன் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல்). அந்த ஆட்டத்தின் நடுவர் முடிவுகள் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்த கால்களை யாரும் மறுக்க முடியாது. அரையிறுதி வரை போனார்கள்.

கவனிக்க: ஹிடிங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கிடைத்தது. நடுவில் இரண்டு முறை ஐந்து கோல் வாங்கித் தோற்றும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கிளப் அணிகளில் அந்தப் பொறுமை அபூர்வம்.

பயிற்சியாளர் மார்செலோ பியெல்சாவின் லீட்ஸும் (இங்கிலாந்து அணி) நினைவுக்கு வருகிறது. 2017-18-இல் இரண்டாம் நிலை லீக்கில் 13-வது இடம். 2018 கோடையில் அவர் வந்தார். ப்ரீ-சீசனில் தொடங்கினார், நடுவில் இல்லை. இடைநிற்றலே இல்லாத பதினொருவர் பயிற்சி ஆட்டம் ஒன்று அவரது அடையாளம். பந்து வெளியே போனால் அடுத்த பந்து உடனே உள்ளே வரும். முதல் சீசன் மூன்றாம் இடம், அடுத்தது பட்டம், 16 ஆண்டுக்குப் பிறகு பிரீமியர் லீக், அங்கே 9-வது இடம். பிறகு 2021-22-இல் முக்கிய வீரர்கள் பலர் நீண்ட காயத்தில் விழுந்தார்கள், அணி சரிந்தது, பிப்ரவரியில் அவர் போனார். அந்தச் சரிவுக்கு அவரது முறை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்கள் குறைந்த அணியில் அந்த முறையைப் பல ஆண்டு தாங்குவது கடினம் என்று மட்டும் சொல்லலாம்.

பயிற்சியைக் கூட்டாமலே முன்னேறிய அணி உண்டா?

உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2014-15-இல் கீழ்நிலை லீக்குக்கு இறங்காமல் கடைசிக் கட்டத்தில் தப்பியது. அந்தக் கோடையில் கிளாடியோ ரனியெரி வந்தார். ஏற்கெனவே இருந்த ஃபிட்னஸ், மருத்துவக் குழுவை அப்படியே வைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு உறுதி என்று வீரர்களுக்கு வாக்குக் கொடுத்தார். சீசன் முழுவதும் லீக்கில் 23 பேர்தான் ஆடினார்கள், காயங்கள் மிகக் குறைவு, ஒரே பதினொருவர் வாராவாரம் இறங்க முடிந்தது. பிரீமியர் லீக் பட்டம் லெஸ்டருக்கு. ஐரோப்பியப் போட்டி இல்லாததால் வாரநடு ஆட்டங்கள் குறைவு என்பதும் உதவியது.

புதிதாக வருபவர் தன் முத்திரையைப் பதிக்க எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. வேலை செய்வதைத் தொடாமல் விடுவதற்கும் தைரியம் வேண்டும்.

வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

ஆட்டம் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு, ஆடியவர்களுக்கு மீட்பு. ஆடாதவர்களுக்கு உண்மையான பயிற்சி. திங்கள் ஓய்வு. செவ்வாய் வலிமைப் பயிற்சியும் சிறிய இட ஆட்டங்களும். புதன் பெரிய இடம், அதிவேக ஓட்டம், வாரத்தின் கனமான நாள். வியாழன் ஆட்ட அமைப்பு, நடுத்தர உழைப்பு. வெள்ளி குறுகிய நேரம், கூர்மையான அசைவுகள், செட்-பீஸ் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை).

ஓர் ஆட்டத்துக்குப் பிறகு தசை வலுவும் பாய்ச்சலும் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 72 மணி நேரம் ஆகலாம். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் வரும் வாரங்களில் ஃபிட்னஸை "கட்ட" முயலவே கூடாது. தூக்கம், சோறோ ரொட்டியோ போதிய மாவுச்சத்து, நடைப்பயிற்சி மாதிரி ஒரு ஆட்ட அமைப்பு ஒத்திகை, அவ்வளவுதான்.

பெஞ்சில் இருப்பவர்கள்?

அதிகம் பேசப்படாத, ஆனால் புதுப் பயிற்சியாளர்களை அடிக்கடி காலைவாரிவிடும் விஷயம் இது. பழையவர் ஓரங்கட்டிய வீரரைப் புதியவர் நம்பி இறக்குவார். அவரோ மூன்று மாதமாக 90 நிமிடம் ஆடவில்லை. பயிற்சியில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் ஆட்டத்தின் அதிவேக ஓட்டம் அவர் உடலுக்குக் கிடைத்திருக்காது. திடீரென்று ஒரே வாரத்தில் இரண்டு முழு ஆட்டம் ஆடவிட்டால் காயம் காத்திருக்கிறது. முதலில் 25 நிமிடம், பிறகு 60, அப்புறம் முழு ஆட்டம் என்று ஏற்றுங்கள். இப்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்க விதி அனுமதிக்கும் போட்டிகளில் இது எளிது.

ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் உடுப்பு வாங்கப் பணமில்லாத அணி என்ன செய்வது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிற்சி முடிந்து அரைமணி கழித்து ஒவ்வொரு வீரரிடமும் கேளுங்கள்: பத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது? அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 80 நிமிடம், கடினம் 6 என்றால் 480. வாரக் கூட்டுத்தொகை முந்தைய வாரங்களைவிடத் திடீரென்று எகிறினால் நிறுத்தி யோசியுங்கள். பலரும் பயன்படுத்தும் முறைதான் இது, பெரிய கிளப்களும் ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து இதையும் வைத்திருக்கின்றன. காலையில் எப்படித் தூங்கினாய், எங்கே வலிக்கிறது என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபாவின் 11+ திட்டம் இலவசம். 15 பயிற்சிகள், 20 நிமிடம். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. ஒழுங்காக என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை அரைகுறையாகச் செய்தால் பலனில்லை.

வந்தவுடன் உணவுத் தடைகள் போடுகிறார்களே, அது உதவுமா?

கெட்ச்அப்பை மேசையிலிருந்து எடுத்தால் தலைப்புச் செய்தி வரும், புள்ளி வராது. ஆட்டத்துக்கு முந்தின நாளும் அன்றும் போதிய மாவுச்சத்து, ஆட்டம் முடிந்தவுடன் புரதம், நீர். இவற்றை வீரர்கள் விரும்பிச் சாப்பிடும் உணவிலேயே கொண்டுவருவது தடையைவிட நல்லது.

பழைய ஃபிட்னஸ் பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா?

ஒரே நாளில் தலைமையும் ஃபிட்னஸ் குழுவும் மருத்துவக் குழுவும் மாறினால், எந்த வீரருக்கு எந்தத் தொடையில் பழைய காயம், யாருக்குச் செயற்கைப் புல் ஆகாது என்ற அறிவெல்லாம் ஒரே நாளில் வாசல் தாண்டிப் போய்விடும். முன்பு காயப்பட்ட இடத்தில்தான் மீண்டும் காயப்பட வாய்ப்பு அதிகம். ஆகவே புதியவர் தன் ஆளைக் கூட்டிவந்தாலும், பழையவர் ஒருவரையாவது சீசன் முடியும்வரை வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

ரசிகனாக, அணியின் ஃபிட்னஸ் கூடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடியைப் பாருங்கள். இருபதாவது நிமிடத்தில் எத்தனை பேர் உடனே எதிர்வினை காட்டுகிறார்கள், எழுபத்தைந்தாவது நிமிடத்தில் எத்தனை பேர்? தற்காப்பு வரிசை முன்னேறும்போது எல்லோரும் சேர்ந்து வருகிறார்களா? பந்து வெளியே போனதும் கைகள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகின்றனவா? பொதுவாகவே கடைசிக் கால் மணி நேரத்தில் கோல்கள் அதிகம் விழும். அந்த நேரத்தில் உங்கள் அணி வாங்கும் கோலும் போடும் கோலும் இரண்டு மாதத்தில் எப்படி மாறுகின்றன என்று குறித்துவையுங்கள். காயப் பட்டியல் நீளுகிறதா சுருங்குகிறதா என்பதும் முக்கியம். பட்டியல் நீண்டுகொண்டே போனால், வெற்றி வந்துகொண்டிருந்தாலும் எனக்குக் கவலைதான்.

ஆறு ஆட்டம்தான் மிச்சம், அணி இறங்கும் நிலை. இப்போது ஃபிட்னஸில் என்ன செய்யலாம்?

கூட்ட முடியாது, காக்க முடியும். ஆறு வாரத்தில் புது உடல் உருவாகாது. இருக்கும் கால்களைப் புத்துணர்வோடு ஆட்டத்துக்குக் கொண்டுவருவதே வேலை. பயிற்சி நேரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஒரு மணி நேரம் கூர்மையாக, வாரத்தில் ஒருமுறை உச்ச வேக ஓட்டம், மீதி ஓய்வு.

அணி வரிசைகளை நெருக்கி வையுங்கள். வீண் ஓட்டம் குறையும். 90 நிமிடமும் பிரஸ் செய்யாமல், கோல் கிக்கின்போதும் எதிரணியின் தவறான பாஸின்போதும் மட்டும் சேர்ந்து பாயும்படி பழக்குங்கள். மாற்று வீரர்களை 60-வது நிமிடத்திலேயே இறக்குங்கள், 85 வரை காத்திருக்க வேண்டாம். கடைசி அரைமணி நேரத்துக்கு யார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்பத் தயாராவார்கள். காயத்திலிருந்து பாதி மீண்ட நட்சத்திர வீரரை முதல் ஆட்டத்திலேயே இறக்கி மற்ற ஐந்துக்கும் இழந்துவிடாதீர்கள். முழு ப்ரீ-சீசன் திட்டத்தை இப்போதே எழுதத் தொடங்குங்கள், எந்த லீக்கில் ஆடினாலும் அது தேவைப்படும்.